வெளிநாட்டுக் கையால் திருப்பணி: நாம் எதைக் கேட்க வேண்டும்?

கேணியடி | வெள்ளி, இரவு 8.15

வணக்கம் உறவுகளே. நேற்று மாலை எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயிலில் திருப்பணிச் சபை கூடியது. கோயிலின் அர்த்தமண்டபமும் அதை ஒட்டிய முன்மண்டபமும் பொழிந்த வெள்ளைக்கல்லில் சுண்ணாம்புச் சாந்து வைத்துக் கட்டியவை. என் பாட்டனாரின் தகப்பனார் காலத்திலேயே அவை பழையவை என்றுதான் வீட்டில் பேச்சு. இப்போது கூரை ஒழுகுகிறது. இரண்டு தூண்களில் கல் மாவாக உதிர்கிறது.

கூட்டத்தில் இரண்டு யோசனைகள் வந்தன. வெளிநாட்டில் இருக்கும் ஊரவர்கள் பணம் தரத் தயாராக இருக்கிறார்கள், பழையதை இடித்துவிட்டுக் கொங்கிறீற்றில் பெரிதாகக் கட்டி இராசகோபுரமும் எழுப்புவோம் என்பது ஒன்று. மன்னார்த் திருக்கேதீச்சரச் சிவன் கோயிலுக்கு இந்தியா செய்ததுபோல எங்களுக்கும் செய்யும்படி யாழ்ப்பாணத்திலுள்ள இந்தியத் துணைத் தூதரகத்துக்கு மனு எழுதுவோம் என்பது மற்றையது. இதைச் சொன்னவர் எண்பது வயதைத் தாண்டிய பெரியவர். அவர் சொல்லி முடிப்பதற்குள் ஓர் இளைஞர் எழுந்து, "பிள்ளையாருக்குக் கூரை வேண்டும் என்று இன்னொரு நாட்டு அரசாங்கத்திடம் போய் நிற்பதா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு யார் பேசியதும் யாருக்கும் கேட்கவில்லை.

நான் சபையின் செயலாளர். அடுத்த கூட்டத்துக்கு ஒரு குறிப்புத் தயாரித்துவரச் சொல்லியிருக்கிறார்கள். அதனால்தான் இங்கே வந்தேன். இந்தியா கம்போடியாவில், லாவோசில், வியட்நாமில் பழைய கோயில்களைத் திருத்துகிறது. 2025 ஏப்ரலில் இந்தியப் பிரதமர் கொழும்பு வந்தபோது திருகோணமலைத் திருக்கோணேச்சரத்துக்கும் நுவரெலியா சீதா எலியவிலுள்ள சீதை கோயிலுக்கும் அநுராதபுரத்துப் புனித நகருக்கும் நிதியுதவி அறிவிக்கப்பட்டது. கோயில் திருப்பணி இன்று நாடுகளுக்கிடையிலான உறவின் ஒரு பகுதி ஆகிவிட்டது. அதை வேண்டாம் என்று தள்ளவும் எனக்கு மனம் இல்லை, கேள்வி கேட்காமல் கைநீட்டவும் மனம் இல்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மாதோட்டத்தான் | வெள்ளி, இரவு 9.02

ஐயா, நான் மன்னார். திருக்கேதீச்சரத் திருப்பணியைத் தொடக்கம் முதல் முடிவுவரை பார்த்தவன்.

இந்திய அரசு 326 மில்லியன் இலங்கை ரூபா கொடுத்தது. இந்தியத் தொல்லியல் துறையும் மாமல்லபுரத்திலுள்ள அரசு கட்டடக்கலை சிற்பக்கலைக் கல்லூரியும் எங்கள் நாட்டுத் தொல்பொருள் திணைக்களத்தோடு சேர்ந்து வேலை செய்தன. வேலை நடந்த காலத்தில் உளிச்சத்தம் எங்கள் காதுக்குப் பழகிப்போயிற்று. தமிழ்நாட்டுச் சிற்பிகள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மரநிழலில் இருந்து எங்கள் பிள்ளைகளோடு பேசுவார்கள். அவர்கள் தமிழுக்கும் எங்கள் தமிழுக்கும் இடையில் சிரிப்பு வரும், சண்டை வந்ததில்லை.

2022 யூலை 6ஆம் திகதி குடமுழுக்கு. அந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். நாட்டில் பெற்றோல் இல்லை, டீசல் இல்லை. மூன்று நாள் கழித்துக் கொழும்பில் சனாதிபதி மாளிகைக்குள் சனம் புகுந்தது. அப்படிப்பட்ட வாரத்தில் சைக்கிளிலும் கால்நடையாகவும் வந்தார்கள். என் தாயாரை மிதிவண்டியின் பின்னால் இருத்தி நான் மிதித்துக்கொண்டு போனேன். கும்பத்து நீர் கலசத்தில் விழுந்தபோது அம்மா அழுதார். 1990இல் இராணுவம் அங்கே புகுந்தபின் வருடக்கணக்கில் போகமுடியாமல் இருந்த கோயில் அது. அந்த அழுகைக்குள் இந்தியா எங்கே, இலங்கை எங்கே என்று பிரித்துப் பார்க்க என்னால் முடியாது. நன்றிதான் இருக்கிறது.

மனு எழுதுங்கள் ஐயா. கேட்பதில் வெட்கம் இல்லை.

வன்னிப்பாதை | வெள்ளி, இரவு 9.40

மாதோட்டத்தான் அண்ணா, உங்கள் தாயாரின் கண்ணீரை நான் மதிக்கிறேன். ஆனால் ஒரு படம் பாதியாகத் தெரிகிறது.

2024 மார்ச்சில், சிவராத்திரி இரவில், வவுனியா வெடுக்குநாறி மலையில் ஆதிலிங்கேசுவரரை வழிபடப் போன எட்டுப் பேரைப் பொலிசார் கைதுசெய்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு அங்கிருந்த விக்கிரகங்கள் பெயர்த்து எறியப்பட்டிருந்தன. முல்லைத்தீவு குருந்தூர்மலையில், ஐயனார் கோயில் இருந்த இடத்தில் பௌத்த விகாரை கட்டுவது பற்றி நீதிமன்றம் வரை போய் நின்ற வழக்கை எல்லோரும் அறிவீர்கள். திருத்த உதவி வேண்டிய கோயிலை விட, உள்ளே போக உரிமை வேண்டிய கோயில்களே எங்கள் பக்கம் அதிகம்.

வெளிநாட்டு அரசுகள் தங்களுக்கு இடர் தராத கோயிலைத்தான் தெரிந்தெடுக்கும். கொழும்பும் சம்மதிக்க வேண்டும், டெல்லியும் மகிழ வேண்டும், வரும் யாத்திரிகர்களும் படம் எடுக்க வேண்டும். சீதா எலிய அந்தப் பட்டியலில் ஏறியது ஏன் என்று யோசியுங்கள். வட இந்தியப் பயணிகள் இராமாயணத் தடம் தேடி வருகிறார்கள். 2020இல் பௌத்த உறவுகளை வளர்க்க 15 மில்லியன் டொலர் தருவதாக இந்தியா அறிவித்தது. கொடுப்பது அவர்கள் பணம், அவர்கள் விருப்பம். ஆனால் அதை எங்கள் மீது வைத்த பாசம் என்று நாம் படித்துக்கொள்ளக் கூடாது.

அரியாலை ஆசிரியை | வெள்ளி, இரவு 10.25

தம்பிமார் இருவரும் சொல்வதில் உண்மை உண்டு. நான் முப்பத்தொரு வருடம் வரலாறு படிப்பித்தவள். காலக்கணக்கை ஒழுங்காக வைத்தால் கேணியடிக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

திருக்கேதீச்சரம் சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம். சோழர் காலத்தில், அது இருக்கும் மாதோட்டத்துக்கு இராசராசபுரம் என்றே பெயர் இருந்தது. போர்த்துக்கேயர் கோயிலை இடித்தபின் இடமே காடாயிற்று. 1872இல் ஆறுமுக நாவலர், மாதோட்டத்தில் இப்படி ஒரு தலம் அழிந்து கிடக்கிறதே, சைவர்கள் ஏன் நினைக்கவில்லை என்று எழுதினார். சிறிய கோயில் எழுந்து குடமுழுக்கு நடந்தது 1903இல். நாவலர் கண்மூடி இருபத்துநான்கு ஆண்டுகளுக்குப் பிறகு. 1948இல் திருப்பணிச் சபை அமைந்தது. அதை முன்னின்று நடத்தியவர் சேர் கந்தையா வைத்தியநாதன். அவர் யார் தெரியுமா? சுதந்திர இலங்கையின் பாதுகாப்பு, வெளிவிவகார அமைச்சின் முதல் நிரந்தரச் செயலாளர். நாட்டுக்கு நாடு உறவு பேசுவதையே தொழிலாகக் கொண்டவர், கடைசிக் காலத்தில் கோயிலடியிலேயே வந்து தங்கிச் செங்கல்லும் சுண்ணாம்பும் எண்ணினார். 1976இல் பெருங் குடமுழுக்கு. அதற்கும் பிறகுதான் போர், இடப்பெயர்வு, பின்னர் இந்திய உதவி.

அதாவது நாவலர் கேட்ட நாளிலிருந்து எண்ணினால் 2022 குடமுழுக்கு நூற்றைம்பதாவது ஆண்டில் நடந்தது. அந்த நூற்றைம்பதில் பெரும்பகுதிக்கு நம்மவர் கையே ஓடியது. செட்டிமார் கொடுத்தார்கள், யாழ்ப்பாணத்து அம்மாமார் பிடியரிசி சேர்த்தார்கள். வெளியிலிருந்து வந்த உதவி, ஏற்கெனவே உயிரோடு இருந்த ஒன்றின்மேல் வந்து விழுந்த மழை.

திருக்கோணேச்சரமும் அப்படித்தான். 1620களில் போர்த்துக்கேயர் இடித்தார்கள், அந்தக் கல்லைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். கோட்டை வாசலில் இரட்டைக் கயல் இன்னமும் தெரியும். 1950இல் கிணறு வெட்டும்போது செப்புத் திருமேனிகள் கிடைத்தன. 1963இல் ஊர் சனம் குடமுழுக்குச் செய்தது. எந்த நாட்டுத் தூதுவரும் அதற்கு முன் வந்து கேட்கவில்லை.

கேணியடி, உங்கள் கோயிலுக்கும் திருக்கேதீச்சரத்துக்கும் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. அங்கே பழைய கட்டடத்தைப் போர்த்துக்கேயர் மிச்சம் வைக்கவில்லை. எழுப்பியது எல்லாம் புதியது. உங்களிடம் பழைய மண்டபம் இன்னும் நிற்கிறது. இழப்பதற்கு உங்களிடம் ஒன்று இருக்கிறது. மனுவில் "புதிதாகக் கட்டித் தாருங்கள்" என்று எழுதப் போகிறீர்களா, "இருப்பதைக் காக்க உதவுங்கள்" என்று எழுதப் போகிறீர்களா?

தூரதேசி | சனி, காலை 6.10

ரொறன்ரோவிலிருந்து எழுதுகிறேன். பிறந்தது கோண்டாவில்.

இரண்டு வருடங்களுக்கு முன் மனைவியோடு கம்போடியாவும் வியட்நாமும் போய்வந்தேன். சுற்றுலா என்று போனது யாத்திரை ஆகிவிட்டது. அங்கோர் வாட் மேற்கு வாயிலில் எட்டுக் கைகளோடு ஒரு பெரிய விட்டுணு நிற்கிறார். உள்ளூர்க் கெமர் மக்கள் அவருக்குத் தா ரீச் என்று பெயர் வைத்து, மஞ்சள் துணி சாத்தி, ஊதுபத்தி கொளுத்திக் கும்பிடுகிறார்கள். பௌத்தர்கள்தான். எங்கள் அம்மன் கோயிலில் நேர்த்தி வைக்கும் அதே முகம். நான் செருப்பைக் கழற்றிவிட்டேன்.

இப்போது விடயத்துக்கு வருகிறேன். இந்தியத் தொல்லியல் துறை அங்கோர் வாட்டில் 1986 முதல் 1993 வரை வேலை செய்தது. அந்தக் காலத்தில் கம்போடியாவில் இருந்த அரசை மேற்கு நாடுகள் ஏற்கவில்லை. இந்தியா 1980இலேயே அங்கீகரித்திருந்தது. சுற்றிலும் கெமர் ரூச் கிளர்ச்சிப் படைகளும் கண்ணிவெடியும். வேறு எவரும் வராத நேரத்தில் வந்து காட்டை வெட்டி, விழுந்த கல்லைத் தூக்கி நிறுத்தினார்கள் என்பதை எங்களுக்கு வழிகாட்டிய முதியவர் நன்றியோடு சொன்னார். ஆனால் அதே வேலையைத்தான் உலகத்து வல்லுநர்கள் கடுமையாகக் குறைகூறினார்கள். கல்லை இரசாயனம் போட்டுத் தேய்த்தது, சீமெந்து பூசியது, பயிற்சி இல்லாத ஆட்களைக் கொண்டு சுரண்டியது என்று. பாற்கடல் கடையும் சிற்பத் தாழ்வாரத்தின் கூரையில் பின்னாளில் நீர் கசிந்து உப்புப் பூத்தது. நியூயோர்க்கைத் தளமாகக் கொண்ட உலக நினைவுச்சின்னங்கள் நிதியம் அந்தக் கூரையை மீண்டும் திருத்தி 2012இல் முடித்தது.

அன்போடு வந்தவர்களும் பிழை விடுவார்கள். அதை அவர்கள் திருத்திக்கொண்டதையும் பார்த்தேன். தா புரோம் கோயிலில் மரவேர்கள் மதிலைக் கட்டிப்பிடித்து நிற்கின்றன, படங்களில் பார்த்திருப்பீர்கள். மரத்தை வெட்டினால் சுவர் விழும், விட்டால் சுவர் பிளக்கும். அங்கே இந்தியர்கள் தேராதூன் வன ஆராய்ச்சி நிறுவனத்து மர வல்லுநர்களையும் சேர்த்துக்கொண்டு இருபது வருடமாகப் பொறுமையாக வேலை செய்கிறார்கள். ஒவ்வொரு மரமும் நோயாளிபோலக் கவனிக்கப்படுகிறது.

வியட்நாமில் மீ சன். அந்நாட்டின் பழைய சாம் மக்களின் மன்னர்கள் வழிபட்ட சிவத்தலம். 1969இல் அமெரிக்கக் குண்டு விழுந்து மிக உயர்ந்த கோபுரம் போயிற்று. 2020 மே மாதம் இந்தியக் குழு தோண்டும்போது ஒன்பதாம் நூற்றாண்டுச் சிவலிங்கம் ஒன்று, ஒரே மணற்கல்லில் செய்தது, முழுதாக வெளிவந்தது. அதன் முன் நின்றபோது எனக்குக் கீரிமலை நினைவு வந்தது. 1990இல் அங்குள்ள எங்கள் நகுலேச்சரத்தில் குண்டு விழுந்தபோது எனக்குப் பதினேழு வயது.

கொக்குவில் மாணவி | சனி, காலை 9.30

எனக்கு ஒரு சந்தேகம். தூரதேசி ஐயா சொன்ன இடங்களில் பெரும்பாலும் பூசை இல்லை. மீ சன் ஒரு தொல்லியல் தலம். சாம் இந்துக்கள் தங்கள் காத்தே திருவிழாவுக்கு இன்றும் போவது பான் ராங்கிலுள்ள போ குலோங் கராய் போன்ற கோயில்களுக்கு என்று படித்திருக்கிறேன். பூசை இல்லாத இடத்தில் உடைந்த சிலையை உடைந்தபடியே வைத்துக் காக்கலாம். பழைய சின்னங்களைக் காப்பது பற்றிய 1964 வெனிஸ் சாசனம் அதைத்தான் கேட்கிறது: பழையதைப் பழையதாக விடு, புதிதாகச் சேர்த்தது புதியது என்று தெரியட்டும். எங்கள் ஆகமம் பின்னமான விக்கிரகத்தைப் பூசிக்கக் கூடாது என்கிறது. பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை பாலாலயம் செய்து (மூர்த்தியைத் தற்காலிக இடத்தில் எழுந்தருளச் செய்து), அட்டபந்தனம் என்ற, விக்கிரகத்தைப் பீடத்தோடு பிணைக்கும் சாந்தை மாற்றிக் குடமுழுக்குச் செய்யச் சொல்கிறது. இரண்டும் எப்படி ஒத்துப்போகும்? வாழும் கோயிலுக்குத் தொல்லியலாளர் வந்தால் ஐயர் எங்கே நிற்பார்?

சுண்ணாம்புச்சாந்து | சனி, காலை 11.05

தங்கச்சி கேட்ட கேள்விதான் எங்கள் தொழிலின் நடுக்கேள்வி. நான் கட்டடப் பாதுகாப்பு வேலையில் இருக்கிறேன், தீபகற்பத்தில் பழைய வீடுகளும் மடங்களும் சிலவற்றைத் தொட்டிருக்கிறேன்.

ஆகமமே இதற்கு இடம் வைத்திருக்கிறது. குடமுழுக்கில் ஆவர்த்தம், அநாவர்த்தம், புனராவர்த்தம், அந்தரிதம் என்று நான்கு. புதிதாக எழுப்பும் கோயிலுக்கு ஆவர்த்தம். பழுது பார்த்து, அட்டபந்தனம் புதுக்கிச் செய்வது புனராவர்த்தம். பழுது பார்ப்பதற்கென்றே ஒரு கிரியை இருக்கும்போது, எல்லாவற்றையும் இடித்தால்தான் திருப்பணி என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? சாத்திரத்திலிருந்து வரவில்லை. பணத்திலிருந்தும் கொங்கிறீற்றிலிருந்தும் வந்தது. மூலமூர்த்தி, அட்டபந்தனம், கலசம் ஆகியவற்றில் ஐயரின் சொல்லே முடிவு. மண்டபத்துத் தூணில், மதிலில், கேணிப் படிக்கட்டில் பாதுகாப்பு வல்லுநரின் சொல்லைக் கேட்கலாம். இந்த எல்லையை முதலிலேயே எழுதி வைத்துக்கொண்டால் சண்டை வராது.

கேணியடி அண்ணா, உங்கள் தூண் உதிர்வதற்கு ஒரு காரணத்தை நான் பார்க்காமலே ஊகிக்கிறேன். யாராவது இருபது முப்பது வருடத்துக்கு முன் அதற்குச் சீமெந்து பூசியிருப்பார்கள். எங்கள் வெள்ளைக்கல், அதாவது சுண்ணாம்புக் கல், நீரை உறிஞ்சும், பிறகு மூச்சுவிடும். சுண்ணாம்புச் சாந்து அதனோடு சேர்ந்து மூச்சுவிடும். சீமெந்து விடாது. நிலத்திலிருந்து ஏறும் ஈரம் வெளியே போக வழியில்லாமல் கல்லுக்குள்ளேயே நிற்கும், உப்புப் படியும், உப்பு விரியும்போது கல் உதிரும். சீமெந்து கல்லைவிட வலியது, எனவே தோற்பது கல்தான். அடியில் தட்டிப் பாருங்கள், பூச்சு வெற்றொலி எழுப்பினால் என் ஊகம் சரி. தயவுசெய்து இன்னொரு மூட்டை சீமெந்து வாங்காதீர்கள். எங்கள் மண்ணின் கல்லைத்தானே காங்கேசன்துறை ஆலை 1950 முதல் 1990 வரை அரைத்துச் சீமெந்தாக்கியது. அதே சீமெந்து திரும்பி வந்து எங்கள் கல்லைத் தின்கிறது என்பது எனக்கு எப்போதும் மனவேதனை.

சுண்ணாம்பைச் சூளையில் சுட்டு, நீற்றி, குறைந்தது சில மாதம் நீருக்கடியில் ஊறவைக்க வேண்டும். கடுக்காய் நீரும் பனங்கட்டியும் சேர்ப்பது தென்னாட்டுப் பழைய வழக்கம். இதைத் தெரிந்த மேசன்மார் இங்கே ஒரு கை விரலுக்குள் அடங்குவார்கள், எல்லோரும் எழுபது வயதைத் தாண்டியவர்கள். வெளிநாட்டிடம் கேட்பதாக இருந்தால் இதைக் கேளுங்கள்: ஆறு இளைஞர்களுக்கு ஒரு வருடப் பயிற்சி. மாமல்லபுரத்தில் கல், சுண்ணாம்பு இரண்டும் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

கேணியடி | சனி, பிற்பகல் 12.20

தட்டிப் பார்த்தேன் தம்பி. வெற்றொலிதான். 1994இல் பூசியதாக அப்பாவின் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது, எட்டு மூட்டை.

வன்னிப்பாதை | சனி, பிற்பகல் 1.15

பயிற்சி கேட்பது நல்ல யோசனை, அதை ஏற்கிறேன். ஆனால் பெயரைப் பற்றியும் பேசுங்கள். யாழ்ப்பாணத்தில் இந்திய உதவியால் கட்டிய கலாசார மையத்துக்கு 2025 சனவரியில் திருவள்ளுவர் பெயர் சூட்டினார்கள். வள்ளுவர் பெயரில் யாருக்கும் மறுப்பு இல்லை. ஆனால் "யாழ்ப்பாணம்" என்ற சொல் பெயரிலிருந்து காணாமல் போயிற்று, பெயரைக் காட்டிய திரையில் தமிழ் மூன்றாவது இடத்துக்குப் போயிற்று. சனம் குரல் கொடுத்த பிறகுதான் யாழ்ப்பாணம் திரும்பி வந்தது. கோயிலுக்கும் அப்படி ஒரு கல்வெட்டு வரும். அதில் யார் பெயர் மேலே, எந்த மொழி முதலில், ஊரின் பெயர் எங்கே என்பதைப் பணம் வாங்கும் முன்பே எழுத்தில் வாங்குங்கள்.

மாதோட்டத்தான் | சனி, பிற்பகல் 2.05

இதில் நான் உங்கள் பக்கம் தம்பி. கொடுத்தவரின் பெயர் இருக்கட்டும், அது நியாயம். தலத்தின் பெயருக்குக் கீழே இருக்கட்டும்.

அரியாலை ஆசிரியை | சனி, மாலை 4.50

கோட்டையைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. யாழ்ப்பாணக் கோட்டையைப் போருக்குப் பின் புனரமைக்க நெதர்லாந்து அரசு நிதி தந்தது. தங்கள் முன்னோர் ஆண்ட கோட்டை, அவர்கள் தந்தார்கள், பிழையில்லை. அந்தக் கோட்டைக்குள்தான் சோழர் காலக் கல்வெட்டுத் துண்டு ஒன்று கிடைத்தது. 1621இல் நல்லூர்க் கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்தது எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு நாடும் எங்கள் மண்ணில் தன் நினைவைத் திருத்த வரும். எங்கள் நினைவை யார் திருத்துவது?

அதற்கு ஒரு நல்ல ஏற்பாட்டைக் கம்போடியாவிலிருந்தே எடுக்கலாம். 1993இல் அங்கோருக்காக ஒரு பன்னாட்டு ஒருங்கிணைப்புக் குழு அமைத்தார்கள். பிரான்சும் யப்பானும் இணைத்தலைமை. அங்கோரின் கோயில்களில், பாயோனில் யப்பானியர், தா கியோவில் சீனர், தா புரோமில் இந்தியர், சிற்பங்களைக் காக்கும் வேலையில் யேர்மானியர் என்று எல்லோரும் வந்தார்கள். ஆனால் எல்லோரும் தங்கள் வேலையை ஒரே மேசையில் வைத்துக் கணக்குக் காட்ட வேண்டும். 1995இல் கம்போடியர்கள் அப்சரா என்று தங்களுக்கென ஓர் அதிகாரசபையும் அமைத்துக்கொண்டார்கள். வறுமையில், போரிலிருந்து அப்போதுதான் எழுந்த நாடு அது. அவர்களால் முடிந்ததென்றால் எங்கள் கோயிலூர்களாலும் முடியும். தீபகற்பத்தின் பழைய கோயில்களை அளந்து, படம் எடுத்து, ஒரு பட்டியல் ஆக்கிப் பல்கலைக்கழகத்தில் வைக்கும் குழு ஒன்று இருந்தால், நாளை எந்த நாட்டுத் தூதுவர் வந்தாலும் "இதோ எங்கள் பட்டியல், இந்த வரிசையில் வாருங்கள்" என்று சொல்லலாம். பட்டியல் இல்லாதவனுக்கு வந்தவன் பட்டியலே பட்டியல்.

கோயில் உறவை வளர்க்கும், பகையையும் வளர்க்கும். அதையும் மறக்கக் கூடாது. பிரே விகார் சிவன் கோயில் கம்போடியாவுக்கே உரியது என்று 1962இல் சர்வதேச நீதிமன்றம் தீர்த்தது. 2008இல் உலக மரபுரிமையாக அறிவித்தபின் தாய்லாந்து எல்லையில் துப்பாக்கிச் சத்தம். அதைக் காக்கும் பன்னாட்டுக் குழுவுக்கு இந்தியாவும் சீனாவும் இணைத்தலைமை. 2025இலும் அந்த மலையைச் சுற்றிச் சண்டை நடந்து கோயிலுக்குச் சேதம் வந்தது. 2019 சிவராத்திரிக்கு முதல் நாள் திருக்கேதீச்சர வளைவை அயலிலுள்ள கத்தோலிக்கர் சிலர் பிடுங்கி எறிந்ததை மாதோட்டத்தான் அறிவார். அயலவரோடு பேசாமல் செய்யும் திருப்பணி பாதித் திருப்பணி.

தூரதேசி | சனி, இரவு 8.45

ஆசிரியை அம்மா எழுதியதை இரண்டு தடவை படித்தேன். ஒன்றை மனம் திறந்து சொல்ல வேண்டும்.

2009க்குப் பிறகு எங்கள் ஊர் அம்மன் கோயிலை இடித்துக் கட்டப் பணம் சேர்த்த குழுவில் நானும் இருந்தேன். ஆயிரம் டொலர் கொடுத்தேன், நண்பர்களிடமும் வாங்கினேன். பழைய கோயிலில் மரத்தூண்கள் நான்கு இருந்தன, அடியில் கல் பாதம், மேலே தாமரை வெட்டியிருக்கும். சிறுவனாக அந்தத் தூணில் சாய்ந்துதான் திருவெம்பாவை பாடினேன். புதிய கோயிலைப் பார்க்கப் போனபோது தூண்கள் எங்கே என்று கேட்டேன். மடப்பள்ளிக்கு விறகாயிற்று என்றார்கள். பிறகுதான் நான் அங்கோருக்கு அருகிலுள்ள சியெம் ரீப் போய், ஒரு பிரெஞ்சுக்காரர் பந்தியாய் சிறெய் கோயிலின் விழுந்த கற்களை ஒவ்வொன்றாக அடையாளமிட்டு 1930களில் திரும்ப அடுக்கியதைப் பார்த்தேன். அந்த முறையை அவர்கள் சாவகத்தில் (யாவாத் தீவில்) ஒல்லாந்தரிடம் கற்றார்களாம். அன்று இரவு அறையில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

வெளிநாட்டு அரசு என்று டெல்லியைப் பற்றியே பேசுகிறோம். நாங்களும் வெளிநாட்டுப் பணம்தான். எங்களுக்கும் நிபந்தனை போடுங்கள். "இடிக்காமல் காத்தால் மட்டும் தருவோம்" என்று நாங்களே எழுதித் தருகிறோம். உங்கள் ஊர்ச் சங்கத்தின் ரொறன்ரோக் கிளையோடு நான் பேசுகிறேன், அனுமதி தாருங்கள்.

கொக்குவில் மாணவி | ஞாயிறு, காலை 7.20

எங்கள் வகுப்பில் ஐந்து பேர் அளவெடுத்து வரைபடம் கீற ஆயத்தம். எந்தக் கல்லை எங்கிருந்து எடுத்தோம் என்று இலக்கமிடவும் பழகலாம். கூலி வேண்டாம், மதியம் அன்னதானம் போதும்.

கேணியடி | திங்கள், இரவு 9.10

நேற்றுப் பெரியவரின் வீட்டுக்குப் போனேன். கூட்டத்தில் எழுந்து கேட்ட இளைஞரையும் அழைத்துக்கொண்டு போனேன். இந்த இழையை முழுவதுமாக வாசித்துக் காட்டினேன். பெரியவருக்குக் கண் சரியில்லை, கேட்டுக்கொண்டே இருந்தார். 1994 சீமெந்தைப் பற்றி வந்தபோது, "அதை நான்தான் வாங்கிக் கொடுத்தேன், நல்லது செய்வதாக நினைத்தேன்" என்றார். இளைஞர் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அதன்பிறகு இருவரும் மண்டபத்தைப் பற்றித்தான் பேசினார்கள், தூதரகத்தைப் பற்றி அல்ல.

சபைக்கு நான் வைக்கும் குறிப்பு இப்படி இருக்கும். மண்டபத்தை இடிப்பதில்லை. முதலில் அளவும் படமும். சீமெந்துப் பூச்சை வல்லுநர் மேற்பார்வையில் மெல்ல உரிப்பது. மூலத்தானத்துக் கிரியைகளில் குருக்களின் முடிவே முடிவு. பிறகு மனு. மனுவில் பணம் என்ற சொல் வராது. சுண்ணாம்பும் கல்லும் தெரிந்த ஒரு ஸ்தபதி எங்கள் ஊரில் ஒரு வருடம் தங்க வேண்டும், எங்கள் பிள்ளைகள் ஆறு பேர் அவரிடம் கற்க வேண்டும், எடுத்த அளவுகளும் படங்களும் ஒரு பிரதி எங்கள் கோயிலிலும் ஒரு பிரதி பல்கலைக்கழகத்திலும் இருக்க வேண்டும், கல்வெட்டில் ஊரின் பெயர் முதலில் வரவேண்டும், தமிழில் வரவேண்டும். இதே மனுவை இந்தியத் துணைத் தூதரகத்துக்கும் அனுப்புவோம், எங்கள் நாட்டுத் தொல்பொருள் திணைக்களத்துக்கும் அனுப்புவோம். யார் இந்த நிபந்தனைகளோடு வருகிறார்களோ அவர்களுக்குப் பூரண கும்பத்தோடு வரவேற்பு. ஒருவரும் வராவிட்டால் தூரதேசி ஐயாவின் பணத்தோடு நாங்களே சூளை வைப்போம். சூளைக்கு இடம் பெரியவர் தன் வளவில் தருகிறார்.

எனக்கு இன்னும் ஒரு தயக்கம் உண்டு. இராசகோபுரம் வேண்டும் என்று ஆசைப்படும் அம்மாமார் ஊரில் நிறைய. அவர்களின் பக்தியை நான் குறைத்துப் பேச மாட்டேன். அவர்களிடம் எப்படிச் சொல்வது?

அரியாலை ஆசிரியை | திங்கள், இரவு 9.55

அளவெடுக்கும் அன்று அவர்களைக் கூப்பிடுங்கள். அந்தத் தூணடியில் யார் யாருக்குத் தாலி கட்டினது, யாருக்கு ஏடு தொடக்கினது என்று கேளுங்கள். மாணவிமார் அதையும் எழுதிக்கொள்ளட்டும்.

வன்னிப்பாதை | திங்கள், இரவு 10.30

என்றைக்கு அளவெடுக்கிறீர்கள்? வவுனியாவிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறேன். எங்கள் மலைக்கோயிலுக்கும் இதே முறையில் ஒரு பதிவு செய்ய வேண்டும், கையோடு பழகிக்கொண்டு போகிறேன்.

கேணியடி | திங்கள், இரவு 10.42

வரும் ஞாயிறு காலை ஏழு மணி. மழை வந்தாலும் மண்டபத்துக்குள் வேலை இருக்கிறது. நூறடி நாடா எங்களிடம் ஒன்றுதான் உள்ளது, வைத்திருப்பவர்கள் கொண்டுவாருங்கள்.